சம்பளமா, சாயங்காலமா?

"தம்பி, நீ சொன்னாத்தான் அவன் கேப்பான். தொண்ணூத்தஞ்சாயிரம் தாரோம்னு கூப்பிடுதாங்க. இவன் யோசிக்கணும்ங்கான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பாளையங்கோட்டையிலிருந்து அக்கா. பின்னால் குக்கர் விசில் கேட்டது. 'அவன்' என்றால் அவள் மகன். வயது 29. சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஏழு வருட வேலை. பிடித்தம் எல்லாம் போக மாதம் 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. அதே வேலையைச் செய்ய இன்னொரு நிறுவனம் 95,000 தரத் தயார். 33,000 கூடுதல். அக்கா கேட்டதில் தப்பே இல்லை.

ஆனால் அவன் கையில் இன்னொரு கடிதமும் இருந்தது. அதில் இருந்த தொகை 48,000.

முதல் கடிதத்து வேலைக்குப் பெயர் 'சப்போர்ட்'. அமெரிக்காவில் ஏதோ ஒரு வங்கியின் மென்பொருள் நம் ஊர் ராத்திரி இரண்டு மணிக்கு நின்றுபோகும். இங்கே திரையில் ஒரு 'டிக்கெட்' வந்து விழும். அதை இத்தனை நிமிடத்துக்குள் மூட வேண்டும். மூடினால் அடுத்தது. ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் டிக்கெட் மூடியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. படித்தது எலக்ட்ரானிக்ஸ். கேம்பஸில் வந்த முதல் வேலை ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிய சம்பளத்தில் ஐ.டி.க்குள் இழுத்துப் போட்டுவிட்டது. லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு நடந்ததுதான் இவனுக்கும்.

இரண்டாவது கடிதம் 'எம்பெடட்' வேலைக்கு. கார், லாரி, பம்புசெட், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று எதற்குள்ளும் இன்று ஒரு சின்னச் சில்லு உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சில்லுக்குள் ஓடும் நிரலை எழுதும் வேலை. இரண்டு வருடமாக ரிச்சி தெருவில் போர்டும் சென்சாரும் வாங்கி வந்து, வாடகை வீட்டின் சாப்பாட்டு மேஜையைச் சால்டரிங் புகையால் கறுப்பாக்கி, தானாகவே கற்றுக்கொண்டான். அப்படிக் கற்றதைக் காட்டித்தான் அந்தக் கடிதத்தை வாங்கினான். ஆனால் ஏழு வருட சப்போர்ட் அனுபவத்தை அங்கே யாரும் கணக்கில் எடுக்கவில்லை. "இந்த வேலைக்கு நீங்கள் ஃப்ரெஷர்தானே" என்றார்களாம், மரியாதையாகவே.

நானும் முதலில் அக்கா கட்சிதான். "காசு வரும்போது வாங்கிப் போடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் குறுக்கிட்டான். "மாமா, அந்த அப்புறம் எப்போ வரும்னு மட்டும் சொல்லுங்க." எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

கணக்கு அக்கா பக்கம்தான்

முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். 95,000க்கும் 48,000க்கும் வித்தியாசம் 47,000. வருடத்துக்கு 5,64,000. இரண்டு வேலையிலும் சம்பளமே ஏறாமல் இருந்தால்கூட மூன்று வருடத்தில் ஏறக்குறைய 17 லட்சம். 'பிடித்த வேலைக்குப் போ, பணம் தானாக வரும்' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த 17 லட்சத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

சரி, சம்பளம் ஏறும் என்றே வைத்துக்கொள்வோம். சப்போர்ட் வேலையில் வருடத்துக்கு 7 சதவீதம். புது வேலையில் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள 15 சதவீதம், இது கொஞ்சம் தாராளமாகவே. அப்படியும் இரண்டு சம்பளமும் சமமாகப் பத்தாவது வருடம் ஆகிறது. அதுவரை இழந்ததைத் திரும்பப் பிடிக்க அதற்கு மேலும் பல வருடம். கணக்கை மட்டும் வைத்து முடிவெடுப்பதானால் யாரும் வேலை மாறவே கூடாது.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. அந்த 7 சதவீதம் பத்து வருடமும் வந்துகொண்டே இருக்கும் என்று நாம் நம்பிவிட்டோம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேரை ஒட்டி, வெளியே அனுப்பப்போவதாக அறிவித்தது. பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஊழியர்கள் என்றும் சொன்னது. புதிதாகச் சேர்ந்தவர்களைக் காட்டிலும், நல்ல சம்பளத்துக்கு ஏறியிருந்தவர்கள்தான் கலங்கிப்போனார்கள். டிக்கெட் மூடுவது போன்ற ஒரே மாதிரி வேலையை மென்பொருளே செய்யப் பழகிவருகிற காலம் இது. ஒரே வேலைக்கு வருடா வருடம் விலை கூடிக்கொண்டே போனால், ஒருநாள் கணக்குப் பிள்ளை அந்த வரியில் விரலை வைப்பான்.

இன்னொன்று, ஆட்களைத் தேர்வு செய்கிற ஒரு நண்பர் சொன்னது. "95,000 வாங்குறவர் 48,000க்கு வரேன்னா நாங்க எடுக்க மாட்டோம். ஆறு மாசத்துல ஓடிருவார்னு பயம். 62,000லேர்ந்து வந்தா நம்புவோம்." உயர்ந்த சம்பளம் நம்மைக் கட்டிப்போடுவதோடு நிற்கவில்லை. எதிரே இருக்கும் கதவையும் சாத்திவிடுகிறது.

அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் இருவர்

இந்தக் குழப்பம் ஓ.எம்.ஆர். சாலையோடு பிறந்ததில்லை. திருச்சியில் 1888இல் பிறந்த ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலில் முதல் மாணவராகத் தேறினார். ஆராய்ச்சியை நம்பிக் குடும்பம் நடத்த அன்றைய இந்தியாவில் வழியில்லை. அதனால் நிதித்துறைத் தேர்வு எழுதினார். 1907இல் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆனார். இந்தியர் ஒருவருக்கு அன்று கிடைக்கக்கூடிய சம்பளங்களில் மிக உயர்ந்த வரிசையைச் சேர்ந்தது அது.

சி.வி. ராமன் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கதவைத் தட்டினார். மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய கழகம், ஆளில்லாமல் கிடந்தது. ஆபீசுக்கு முன்னால் அதிகாலையில் அங்கே. ஆபீஸ் முடிந்ததும் இரவு வரை மறுபடி அங்கே. ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது, போய்விட்டுத் திரும்பினார். இப்படிப் பத்து வருடம். அசுதோஷ் முகர்ஜி கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவி தருவதாகக் கூப்பிட்டபோது, 1917இல், ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு இறங்கிப் போனார். 1930இல் நோபல். எல்லோரும் சொல்வது அந்தக் கடைசிப் பாய்ச்சலைத்தான். எனக்கு அதற்கு முந்தைய பத்து வருடத்துச் சாயங்காலங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. இன்றுபோல இரவு பதினொன்றுக்கு 'ஒரு கால் ஜாயின் பண்ணுங்க' என்று கூப்பிடுகிற அலுவலகமாக அது இருந்திருந்தால், நமக்கு ஒரு நல்ல கணக்கு அதிகாரி மட்டும் கிடைத்திருப்பார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு சென்னையிலும் அதே பெயர் கொண்ட அலுவலகம். அதில் ஒரு குமாஸ்தா பகலில் கணக்கு பார்த்தார், மாலையில் நாடகம் போட்டார். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' எல்லாம் அந்த மாலைகளில் விளைந்தவை. 1964இல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம், 1965இல் 'நீர்க்குமிழி' இயக்கம். கே. பாலசந்தர் அரசு வேலையை விட்டது சினிமா கையில் வந்த பிறகு. பொறுப்பான ஆள்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை என்பதற்கு அசோகமித்திரன் இருக்கிறார். ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு, 1966இல் வெளியே வந்து முழுநேர எழுத்தாளராக நின்றார். தமிழில் எழுதிச் சம்பாதிப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு அதன் விலை தெரியும். அவர் செய்தது தவறு என்று சொல்ல, அவர் கதைகளைப் படித்த யாருக்கும் மனசு வராது. ஆனால் என் அக்கா மகனுக்கு நான் அவரை உதாரணம் காட்ட மாட்டேன்.

ஆக, என் கட்சி இதுதான்: கடிதத்தில் இருக்கும் தொகையைப் பார்க்கும் முன் அந்த வேலை முடிகிற நேரத்தைப் பாருங்கள். மாறப்போகிற வேலைக்கான கை பழகுவது அந்த நேரத்துக்குப் பிறகுதான். சாயங்காலத்தையும் சேர்த்து விலைக்கு வாங்குகிற சம்பளம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், நீங்கள் போக நினைத்த இடத்துக்குப் போகும் பஸ் டிக்கெட்டை அது கிழித்துவிடுகிறது.

'இன்னும் ஒரு விசா'

ராமநாதபுரம் பக்கத்துக்காரர் ஒருவரை மதுரை ரயிலில் சந்தித்தேன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். டீசல் மெக்கானிக். 1996இல் துபாய் போனார். "ரெண்டு விசா முடிச்சுட்டு வந்துருவேன்னுதான் அண்ணே போனேன்" என்றார். பரமக்குடி ரோட்டில் சொந்தமாக ஒரு பட்டறை. அதற்கு நாலு வருடம் சம்பாதித்தால் போதும் என்பது அன்றைய திட்டம்.

நாலு வருடம் முடிந்தபோது ஒரு தங்கைக்குக் கல்யாணம். எட்டில் இன்னொரு தங்கைக்கு. பிறகு வீடு. வீட்டுக்கு மாடி. ஒவ்வொரு தடவையும் முதலாளி கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு விசா. "சம்பளம் ஏற ஏற, திரும்புற தேதி தள்ளித் தள்ளிப் போச்சு. குறைச்சுக் குடுத்திருந்தா 2004லயே வந்திருப்பேன்" என்று சிரித்தார்.

கடைசியில் ஊருக்கு வந்தது 2020இல், கொரோனாவில், வந்தே பாரத் விமானத்தில். கையில் பணம் இருந்தது. பட்டறைக்கு இடமும் இருந்தது. அதே வருடம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாட்டில் விற்கும் புது வண்டியெல்லாம் பி.எஸ். 6 ஆகிவிட்டன. வண்டிக்குள் சென்சாரும் கணினியும். கோளாறு என்ன என்று கண்டுபிடிக்க ஸ்கேனரை மாட்ட வேண்டும். காதை வைத்து இன்ஜின் சத்தத்தில் நோய் சொல்கிற அவர் வித்தை பழைய வண்டிகளுக்கு மட்டும் செல்லுபடியானது. இப்போது ஸ்கேனர் தெரிந்த ஒரு பையனோடு கூட்டு. பையனுக்கு வயது 24. "அவன்தான் மெக்கானிக், நான் முதலாளி" என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அவர் வாழ்க்கை வீண் என்று சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு தங்கைகள் நல்ல இடத்தில் இருக்கிறார்கள். வீடு நிற்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. நாலு வருடத் திட்டம் இருபத்துநாலு வருடமானதற்கு யாரும் அவரைப் பிடித்து வைத்திருக்கவில்லை. கூடுதலாக வந்த ஒவ்வொரு திர்ஹமும் வரும் முன்பே செலவாகியிருந்தது, அவ்வளவுதான்.

அக்கா மகன் விஷயத்துக்கு வருவோம். 33,000 கூடுதல். 8.5 சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு 40 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினால் மாதத் தவணை 34,700 ரூபாய் சொச்சம். கூடுதல் சம்பளமும் தவணையும் கிட்டத்தட்ட ஒன்று. இதை என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டவள் அக்கா. "அந்தக் காசுல தாழம்பூர் பக்கம் ஒரு பிளாட் பாக்கலாம்லா" என்றாள். பார்த்திருந்தால் 2045 வரை அவன் டிக்கெட் மூடிக்கொண்டிருந்திருப்பான். வீடு வாங்குவது குற்றமில்லை. வேலை மாற நினைக்கிறவன், மாறும் முன் இருபது வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போடுவதுதான் விபரீதம்.

அதே 33,000ஐ வேறு மாதிரி எண்ணலாம். 62,000இல் வாழப் பழகியவன் 48,000க்கு இறங்கினால் மாதம் 14,000 துண்டு விழும். பதினெட்டு மாதம் அந்த உயர்வைத் தொடாமல் தனியே போட்டால் 5,94,000. அதை 14,000ஆல் வகுத்தால் 42 மாதம். பதினெட்டு மாதம் சகித்துக்கொண்டால் மூன்றரை வருடம் துண்டே விழாமல் புது வேலையில் இருக்கலாம். சம்பள உயர்வை ரூபாயில் எண்ணாமல் மாதத்தில் எண்ணுவது என்பது இதுதான். இதைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. பிறகு சுருங்கிவிட்டது. "சரிதான் மாமா. ஆனா சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கி ராத்திரி மூன்றரை வரைக்கும் ஷிஃப்ட். பதினெட்டு மாசம் கழிச்சு என் கைல காசு இருக்கும். வித்தை இருக்குமா?"

ராமநாதபுரத்துக்காரரின் பட்டறை ஞாபகம் வந்தது.

குறைந்த சம்பளமும் ஏமாற்றும்

இதுவரை படித்துவிட்டு, குறைந்த சம்பளத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். தமிழ்நாட்டு நர்சுகளைக் கேளுங்கள்.

2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்டார்கள். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. தனியார் மருத்துவமனையில் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தவர்களும், வளைகுடாவுக்குப் போகத் தயாராக இருந்தவர்களும் அந்த நம்பிக்கையில் வந்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஊதியம் பிறகு 14,000 ஆயிற்று, 18,000 ஆயிற்று. சிலர் நிரந்தரம் ஆனார்கள். பலர் வரிசையில் நின்றார்கள், வருடக்கணக்கில்.

நாளைக்காக இன்று குறைவாக வாங்குவதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நாளை யார் கையில் இருக்கிறது? அக்கா மகன் 48,000க்குப் போனால், வருடத்துக்கு வருடம் அவன் கையில் தொழில் ஏறும். அந்த நிறுவனம் மூடினாலும் அது அவனோடு போகும். நர்சுகள் குறைத்து வாங்கியதற்கு ஈடாக வைத்திருந்தது ஒரு வாக்குறுதி மட்டும். அதை நிறைவேற்றும் பேனா வேறொருவர் சட்டைப் பையில் இருந்தது. 'இப்போது கொஞ்சம் குறைவு, ரெண்டு வருஷத்துல உன்னை எங்கேயோ கொண்டுபோறோம்' என்று சொல்லும் சின்ன நிறுவனங்களுக்கும் இதே உரைகல்தான்.

சாயங்காலம் போதாத வேலைகள்

என் சாயங்காலக் கொள்கைக்கு எல்லை உண்டு. வங்கியில் பணிபுரியும் தோழி ஒருவருக்கு வக்கீலாக ஆசை. அஞ்சல் வழியில் எல்.எல்.பி. படித்துவிட்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. பட்டதாரிக்கு மூன்று வருடப் படிப்பு, பகலில், வகுப்பில் உட்கார்ந்து. பிறகு பார் கவுன்சில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டே கறுப்பு கவுனும் போட விதி இடம் தராது. அதற்கப்புறம் சீனியரிடம் ஜூனியராக நிற்கும் வருடங்கள். இளம் வழக்கறிஞர்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதைச் சென்னை உயர் நீதிமன்றமே கண்டித்து, மாதம் 15,000 முதல் 20,000 வரையாவது கொடுக்க வேண்டும் என்று 2024இல் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நிலைமை என்ன என்று ஊகித்துக்கொள்ளலாம். படிப்புக்கு மூன்று, ஜூனியராக இரண்டு என்று வைத்தாலே ஐந்து வருடம், அறுபது மாதம். அறுபது மாதச் சோற்றுக்கு வழி செய்யாமல் அவர் கிளம்பக் கூடாது. அவருக்கு இன்று யாராவது கூடுதல் சம்பளம் தந்தால், சாயங்காலம் போனாலும் பரவாயில்லை, வாங்கட்டும் என்பேன்.

அரசுத் தேர்வு என்றால் சுவர் வேறு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1க்குப் பொதுப்பிரிவில் 34 வயது. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் பிரிவினருக்கு 39. சிவில் சர்வீஸ் தேர்வில் பொதுப்பிரிவுக்கு 32 வயது, ஆறே ஆறு முயற்சி. முப்பதில் நிற்கும் பொதுப்பிரிவுக்காரர் 'இன்னும் நாலு வருடம் சம்பாதித்துவிட்டுப் படிக்கிறேன்' என்றால், படிக்கலாம், எழுதத்தான் முடியாது. வயது வரம்புள்ள கனவைச் சம்பளத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாது. வரம்பில்லாத கனவுக்கு அவசரமும் கூடாது.

பொடி எழுத்து

கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவற்றை ஆள்தேர்வு நண்பர் கொட்டினார். சுவாரசியம் குறைவு, பணம் அதிகம், அதனால் சொல்லிவிடுகிறேன்.

சி.டி.சி.யில் 45 சதவீத உயர்வு என்றால் கைக்கு 45 சதவீதம் கூடுவதில்லை. முதலாளி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, வந்தால் வரும் வேரியபிள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. சேரும்போது தரும் போனஸை, ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள். பாண்டு எழுதிக் கொடுத்தால் அது வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம்: மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி ஐந்து வருடத் தொடர் சேவைக்குப் பிறகு. அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால் ஐந்து வருடத்துக்கு 86,500 ரூபாயை ஒட்டி வரும். நாலு வருடம் ஆறு மாதத்தில் ராஜினாமா கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, ஒரு வருடமே போதும். பி.எஃப். பணத்தை ஒவ்வொரு மாறுதலிலும் உடைத்து டி.வி. வாங்குவது நம் ஊர் வழக்கம். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரியும் உண்டு. புது நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெண்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 26 வாரப் பிரசவ விடுப்பு சட்டப்படி கிடைக்க, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். இதை எந்த எச்.ஆரும் தானாகச் சொல்வதில்லை. பெண்களும் கேட்கத் தயங்குகிறார்கள், கேட்டாலே 'ஓகோ' என்று ஒரு பார்வை.

யார் வீட்டுச் சம்பளம்?

வேலை மாறுகிறவனுக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு சம்பளம் நிற்கிறது. பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த சிவாஜி ராவ் 1973இல் சென்னைத் திரைப்படப் பயிற்சி நிலையத்துக்கு வந்தபோது, பணம் கொடுத்துத் தாங்கியவர் உடன் வேலை பார்த்த டிரைவர் நண்பர் ராஜ் பகதூர். ரஜினிகாந்த் கதையில் நம் ஆட்கள் கண்டக்டரையே கொண்டாடுகிறார்கள். டிரைவரும் கவனிக்கத் தக்கவர்.

நம் வீடுகளில் அந்த டிரைவர் பெரும்பாலும் மனைவி. அல்லது பென்ஷன் வாங்கும் அப்பா. மாறுகிறவன் இதை வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும்: இத்தனை மாதம், இவ்வளவு குறையும், தாங்க முடியுமா? கேட்காமல் தாங்கவைப்பது அநியாயம். பதிலுக்கு மனைவி வேலை மாற நினைக்கும்போது கணவன் சம்பளம் தாங்குமா என்ற கேள்வி எத்தனை வீட்டில் எழுந்திருக்கிறது என்றும் யோசிக்கலாம். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வீடு.

கல்யாணச் சந்தை வேறு இருக்கிறது. "மாப்பிள்ளைக்கு என்ன பேக்கேஜ்?" என்ற கேள்விக்கு "இப்போது கம்மி, ஆனால் எம்பெடட்" என்று பதில் சொல்லிப் பாருங்கள். அக்காவின் பதற்றத்தில் பாதி இதுதான் என்று எனக்குத் தெரியும். அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாவது கடிதம்

கடைசியில் அவன் செய்ததை நான் யோசிக்கவில்லை. 95,000 தருகிறேன் என்றவர்களுக்கே போன் செய்து, "எனக்குக் காலை ஷிஃப்ட் தருவீர்களா, சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று கேட்டான். எச்.ஆர். பெண்மணிக்கு முதலில் புரியவேயில்லையாம். கூட்டிக் கேட்பவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து, ஆஸ்திரேலிய வாடிக்கையாளர் ஒருவரின் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். காலை 6 முதல் மாலை 3 வரை. கைக்கு 80,000.

48,000 கடிதக்காரர்களிடம் காத்திருக்க முடியுமா என்று கேட்டான். முடியாது என்றார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது, அதற்கு அவன் வருத்தப்பட்டான். வீட்டில் அவன் தங்கையின் கல்யாணச் செலவு காத்திருக்கிறது; என்னைக் கேட்டால், அது மட்டும் இல்லாதிருந்தால் அங்கேயே போயிருக்க வேண்டும் என்பேன். ஒருதரம் வந்த வேலை மறுபடி வரும் என்று யார் கண்டது?

90 நாள் நோட்டீஸ் முடித்துச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. உயர்வு 18,000 முதல் தேதியே தனிக் கணக்குக்குப் போய்விடுகிறது; இதுவரை 1,08,000. இரண்டு வருடம் என்று கெடு வைத்திருக்கிறான். தேதியைக் காலண்டரில் எழுதி ஒட்டச் சொன்னேன், ஒட்டியிருக்கிறான். தினமும் நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து, டீ போட்டுக்கொண்டு, சால்டரிங் இரும்பைச் சொருகுகிறான்.

பாளையங்கோட்டையில் அக்கா இன்னும் எல்லோரிடமும் 95,000 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.